நான்கு பக்கமும்

களியில் கசப்பு வாதுமை வாசம் அடித்தது. கிலா அகப்பையை முகர்ந்தாள், தன் கையை முகர்ந்தாள், இரண்டிலும் இல்லை. வாசம் உள்ளறையிலிருந்து வந்தது, மலையிலிருந்து மழையோடு இறங்கிவந்த புருஷன் லூக்கோங் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்ச் சுருண்டுகொண்ட அறையிலிருந்து, அடுப்புப் புகையையும் வெந்துகொண்டிருந்த கீரையின் மணத்தையும் தள்ளிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக.

மருந்துக்குப் பட்டை உரித்து விற்கும் மரத்தின் வாசம் அது. காட்டில் இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் மிச்சம். எதிரெதிரே இரண்டு பக்கம் உரித்தால் மற்ற இரண்டை விட்டுவிட வேண்டும், அப்போதுதான் மரம் பிழைக்கும். இந்த மலையில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவள் புருஷன் நான்கு பக்கமும் உரித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். அதுவும் எந்த மரத்தை? அவன் பிறந்தபோது அவன் அம்மா தொப்புள்கொடியைப் புதைத்த மரத்தை. மூட்டையை இறக்கும்போதே கிலா கேட்டுவிட்டாள்.

"அது உன் மரம்யா. உன் மரத்தையேவா மொட்டையடிச்ச?"

"நான் விட்டா வேற எவனாவது வந்து எடுத்துட்டுப் போவான். போ, போய்க் களியக் கிண்டு."

அவன் உள்ளே போய்விட்டான். அவள் அடுப்புக்குத் திரும்பினாள். கோபத்துக்கு அடியில் பயம் கிடந்தது; அவனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

இப்போது உள்ளே ஒரு சத்தம்.

டொக். டொக்.

பட்டை இளகுவதற்காக அரிவாளின் முதுகால் மரத்தைத் தட்டும் சத்தம். ஆனால் மூட்டை வெளியே கொட்டகையில் இருக்கிறது. உள்ளே தட்டுவதற்கு மரமே கிடையாது.

"என்னய்யா பண்ற?"

டொக். பிறகு, ஈரத் துணி கிழிவது போல. நீளமாக.

விளக்கை எடுத்தாள். கதவைத் தள்ளினாள்.

லூக்கோங் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் அரிவாள். முன்பக்கம், கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் இல்லை. ரத்தமும் இல்லை. வெளிறிய, ஈரமான மரம். திரும்பிக் காட்டினான். முதுகும் அப்படியே. உரித்ததைப் பக்குவமாகச் சுருட்டிக் காலடியில் வைத்திருந்தான்.

முகத்தில் வலியே இல்லை. அரிவாளின் பிடியை அவள் பக்கம் நீட்டினான்.

"விலா ரெண்டு பக்கமும் மிச்சமிருக்கு. நீ எடுத்துக்கோ, கிலா. இல்லன்னா வேற எவனாவது வந்து எடுத்துட்டுப் போவான்."

வாசல் கதவில் யாரோ தட்டினார்கள். கையால் அல்ல. அரிவாளின் முதுகால்.