மூன்றாவது வரிசை

வண்டியை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது.

அவர்கள் ஆறு பேர். அவள், கணவர், மூத்த மகள், இரட்டைப் பெண்கள் இருவர், எல்லோரும் குண்டு என்று கூப்பிடும் நான்கு வயதுக் கடைக்குட்டி. வண்டி நகரும் முன் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். மூத்தவள் ஒன்று, இரட்டையர் இரண்டும் மூன்றும், குண்டு நான்கு, அவள் ஐந்து. கடைசியாக அப்பா ஆறு சொன்னால்தான் சக்கரம் உருளும். அன்றும் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. கணவர் "ஆறு" என்று சொல்லிக் கியரில் கை வைத்தார். இரட்டையர் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து, "ஏழு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரட்டையர் மட்டும், நான் இல்லை, நான் இல்லை என்று ஒருத்தியை ஒருத்தி கைகாட்டினார்கள். அந்த இரண்டு வாலில்லாத குரங்குகளையும் பெற்றவளுக்கு அது புதிதல்ல.

சட்டம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதற்கு முன் அவர்களிடம் இரண்டு சின்னக் கார்கள் இருந்தன. வெளியூர் என்றால் அவர் ஒன்றில், அவள் ஒன்றில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பயணத்தில் வழியில் நிறுத்திக் கிளம்பியபோது, இரட்டையரில் இளையவள் அப்பா வண்டியில் இருக்கிறாள் என்று இவளும், அம்மா வண்டியில் இருக்கிறாள் என்று அவரும் நினைத்துக்கொண்டார்கள். குழந்தை நாற்பது நிமிடம் கழிப்பறைச் சுவரில் சாய்ந்தபடி தனியாக நின்றாள். திரும்பிப் போனபோது அழவில்லை. "என்னை மறந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இவள் காதில் ஒலிக்காத நாளே இல்லை. அதனால்தான் எல்லோரும் ஒன்றாக உட்காரக்கூடிய ஒரே பெரிய வண்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தேர்ந்தெடுத்ததும் அவள்தான். கணவர் பாலம் கட்டும் இடங்களில் மேற்பார்வையாளர். அளவு நாடாவும் கையுமாக விற்பனைக்கூடம் விற்பனைக்கூடமாக ஏறி இறங்கினார். முதலில் பார்த்த வண்டியின் கடைசி வரிசையில் காய்கறிக் கூடையைத்தான் உட்கார வைக்கலாம். இரண்டாவதில் கடைசி வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடமில்லை. மூன்றாவது இது. முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் மூன்று என்று எட்டு இருக்கை. சாம்பல் நிறம். ஏற ஒரு படி. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அத்தனையும் அறுந்துபோகும். இரண்டே மாதம் ஓடியது என்றார் விற்பனையாளர்.

"ஏன் கொடுத்துட்டாங்க?" என்று கேட்டார் கணவர்.

"ரெண்டு பேர்தான் சார் அந்த வீட்டுல. புருஷன், பொண்டாட்டி. வண்டியில இடம் பத்தலைன்னு சொன்னாங்க."

"எட்டு சீட்டுல ரெண்டு பேருக்கு இடம் பத்தலையா? நல்லா சாப்பிடுற குடும்பம் போல!"

விற்பனையாளரும் சிரித்து வைத்தார். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. இதுதான் வேண்டும் என்றாள்.

அதில் அவளுக்குப் பழக்கப்படாத ஒன்று உள்கண்ணாடி. மூன்று வரிசைத் தலைகளும் பின்னால் வரும் சாலையை மறைக்கும் என்பதால் அது கண்ணாடியாகவே இல்லை. பின்புறக் கேமரா காட்டும் சாலைதான் அதில் தெரியும். அடியிலிருந்த சிறு பிடியைத் தள்ளினால் சாதாரணக் கண்ணாடியாக மாறி, உள்ளே இருப்பவர்களைக் காட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் பிறர் கண்களைச் சோதிப்பவள் அவள். தன் கண்ணால் பார்க்காததை நம்பும் வழக்கம் இல்லாதவள். இரண்டு நாளில் அந்தத் திரைக்கும் பழகிவிட்டாள்.

ஒரு வாரத்தில் இரட்டையர் கடைசி வரிசையில் உட்கார மறுத்தார்கள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அங்கே ஈரத்தலையைத் துவட்டாமல் படுத்து எழுந்த தலையணையின் வாடை அடித்தது. கம்பளத்தைக் கழுவினாள், வெயிலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்தாள். வாடை போகவில்லை. கணவர் வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, யாரும் உட்காராத அந்த மூன்று இருக்கைகளிலும் பெல்ட் மாட்டியிருந்தது. கழற்றினாள். உள்ளங்கை இருக்கையில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனால் அவளை உண்மையில் கலங்கடித்தது புதன்கிழமை நடந்ததுதான். பள்ளிக்குக் கிளம்பி எண் கேட்டாள். என்னவோ தோன்றி, கண்ணாடியின் பிடியைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். ஒன்று வந்தது. இரண்டும் மூன்றும் வந்தன. நடு வரிசையில் குண்டு கன்னம் உப்ப வாய் நிறைய பிஸ்கட்டை அடைத்து வைத்திருந்தாள். உதடுகள் ஒட்டிக் கிடந்தன. "நாலு" என்றது குண்டுவின் குரல், கணீரென்று.

குழந்தை மென்று விழுங்கிவிட்டு, "எப்பவும் இப்படித்தாம்மா. நான் சொல்றதுக்குள்ள சொல்லிடுறாங்க" என்றாள்.

அன்று மாலையே கணவருக்குப் போன் போட்டாள்.

"இந்த வண்டி வேண்டாங்க. திருப்பிக் கொடுத்துடலாம்."

"நீதானே ஆசைப்பட்டு எடுத்த? பிள்ளைங்க ஏதாவது விளையாடியிருக்கும்."

"விளையாட்டு இல்லைங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. "சரி, சனிக்கிழமை இங்க ஓட்டிட்டு வந்துடு. மூணு மணி நேரம்தானே? நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை மதியம் கிளம்பினாள். இனி எண் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். நான்கு தலைகளையும் கையால் தொட்டுப் பார்த்தாள். நான்கும் சூடான, முடி கலைந்த, நிஜமான தலைகள். மூத்தவள் தோழி வீட்டுக்குப் போகவிடாத கோபத்தில், காதில் ஒலிக்கருவியைச் சொருகிக்கொண்டு வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாம்டி. முன்னாடி வா."

"இங்கதான் யாரும் தொல்லை பண்ண மாட்டாங்க."

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்கள் அடைத்திருந்ததால் உள்ளே புழுங்கி, கண்ணாடிகளில் மூச்சு படிந்தது. குண்டு அதில் விரலால் பூனை வரைந்தாள். இரட்டையர் அந்தப் பூனைக்குப் பெயர் வைப்பதில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைச் சத்தம் அவளுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம், பிறகு இந்த வண்டியில் காலெடுத்து வைக்கவே மாட்டோம் என்று எண்ணிக்கொண்டாள்.

காட்டுச் சாலை தொடங்கும் இடத்தில் இருந்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினாள். மணி ஐந்து. பெண்கள் நால்வரும் தலையில் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினார்கள். எரிபொருள் நிரம்பியது. அவள் உள்ளே போய்ப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மழை அறைந்தது. எதிரில் இருப்பது தெரியவில்லை. வண்டியின் பின்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். முகமெல்லாம் தண்ணீர். திரும்பி ஒவ்வொரு தலையாகத் தொட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பின்னால் ஒரு லாரி விடாமல் ஒலி எழுப்பியது. மூன்று வருடப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"எல்லாரும் நம்பர் சொல்லுங்க!"

"ஒண்ணு." மூத்தவளின் சலிப்பு அப்படியே இருந்தது.

"ரெண்டு." "மூணு." ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழும் அதே அவசரம்.

"நாலு."

"அஞ்சு. போலாம்" என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

சாலை காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கி நின்றன. திரும்ப இடமில்லாத ஒடுக்கமான சாலை. துடைப்பான்கள் தேய்த்துத் தேய்த்து ஓடின. திரையில் பின்னால் விரியும் ஈரச் சாலையைத் தவிர எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பூனைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை, ஆனால் இரட்டையர் சண்டை போடவில்லை. பிஸ்கட் பையின் சரசரப்பு இல்லை. முன் இருக்கையின் முதுகில் குண்டு எப்போதும் உதைத்துக்கொண்டே வரும் உதை இல்லை. தூங்கிவிட்டார்கள் போல. நால்வருமா? மழையில் நனைந்த பெண்கள் ஈரத்துணியோடு, ஒரு முனகல் கூட இல்லாமலா?

ஈரத்தலையணை வாடை முன்வரிசை வரைக்கும் வந்திருந்தது.

அப்போதுதான் ஜன்னலைக் கவனித்தாள். குண்டு பூனை வரைந்த கண்ணாடி. பூனை இல்லை. அழித்ததுபோலவும் இல்லை. கண்ணாடி துடைத்து வைத்ததுபோல் தெளிவாக இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேராக மட்டும், ஒரு கையகலத்துக்கு மூச்சு படிந்திருந்தது. பின்னால் எங்குமே இல்லை. நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஒரு மூச்சு கூடப் படியவில்லை.

அவள் கை உள்கண்ணாடியின் பிடியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

போன் அடித்தது. வண்டியின் திரையில் மூத்தவளின் பெயர்.

பின்னால் இருந்துகொண்டே போன் செய்கிறாளா? கோபத்தில் இது வேறா? எடுத்தாள். மழை இரைச்சல் வண்டியின் ஒலிபெருக்கிகளில் நிரம்பியது.

"அம்மா! எங்கம்மா போயிட்ட? நாங்க நாலு பேரும் பங்க் வாசல்லயே நிக்கிறோம். குண்டு அழறா."

அவள் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

"வைச்சுடும்மா" என்றது பின்னாலிருந்து. மூத்தவளின் குரல். அதே சலிப்பு. "யாரோ விளையாடுறாங்க."

போனில் ஒரு கணம் மழை மட்டும் பெய்தது.

"அம்மா," என்றாள் மகள் மெதுவாக, "வண்டியில யாரு?"

பின் வரிசையில் ஒரு பெல்ட் கழன்றது. இன்னொன்று. இருக்கைகள் முனகின. பாரம் ஒன்று முன்னோக்கி நகர்ந்தது.

"ஒண்ணு."

நடு வரிசைக்கு வந்துவிட்டது.

"ரெண்டு. மூணு."

அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. கதவுப் பிடியை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை.

"நாலு."

அவள் இருக்கைக்கு நேர் பின்னால். பிடரி முடியில் குளிர். மூச்சு இல்லை. வெறும் குளிர்.

வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அங்கேயே இருங்கள், உள்ளே போய்விடுங்கள், இந்த வண்டி வந்தால் ஏறாதீர்கள், அம்மாவே கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை. தொண்டை அவளுடையதாகவே இல்லை.

"அஞ்சு" என்றாள் அவள்.

அவள் சொல்லவில்லை. உதடு அசையவில்லை. அவள் குரல் அவள் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. அவள் செருமுவது போலவே.

"அம்மா?" போனில் மகளின் குரல் உடைந்தது. "அம்மா, நீதானா?"

"நான்தான் கண்ணு" என்றது அவள் குரல், அத்தனை அன்பாக. "உங்களை மறப்பேனா? குண்டுவை அழ வேண்டாம்னு சொல்லு. ஓரமா, வெளிச்சத்துல நில்லுங்க. இதோ வந்துட்டேன்."

"அப்பாடா" என்றாள் மகள். பின்னணியில் மற்ற மூவரும் கூச்சலிட்டுக் குதிப்பது கேட்டது. "சீக்கிரம் வாம்மா. குளிருது."

இணைப்பு அறுந்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவள் தலையை உலுக்கினாள், கண்ணாடியைக் கையால் அறைந்தாள், குரல் இல்லாத வாயால் கத்தினாள். திரும்புவதைக் காட்டும் விளக்கு தானாக விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. உள்ளங்கையின் கீழ் ஸ்டியரிங் மெல்ல, பழகிய கை திருப்புவதுபோல் திரும்பியது. திரும்ப இடமே இல்லாத அந்த ஒடுக்கமான சாலையில் அவ்வளவு பெரிய வண்டி ஒரே சுற்றில் வளைந்து, மழைக்குள், பிள்ளைகள் நின்ற திசையை நோக்கி வேகமெடுத்தது.