பக்கத்துக் காம்பராவின் இருமல்

இருமல் தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

நிரோஷன் படுத்திருந்தது இடது சுவரோரம். இருமியதோ வலது சுவருக்கு அந்தப் பக்கம். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் போன மாதம்தான் லோஜன் செத்தான். அவனுடைய அம்மா கதவைப் பூட்டிவிட்டு வட்டகொடையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தண்ணீர் பிடிக்கப் போனபோதுகூட அந்தப் பூட்டை நிரோஷனின் மனைவி ஜெயந்தினி பார்த்திருந்தாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்க வந்துபோன காய்ச்சல்தான் அது. கடைசிக் காம்பராப் பேச்சியம்மாகூட இரண்டு நாள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். லோஜனையும் நிரோஷனையும் மட்டும் அது விடவில்லை. இருவரும் கொழும்பு புறக்கோட்டையில், உறுமி நிற்கும் பஸ்களுக்கு நடுவே, வருடக்கணக்காகக் கடலை விற்றவர்கள்.

"கொழும்புப் புகை நெஞ்ச ஏற்கெனவே அரிச்சிருச்சு. அதுக்கு மேல இந்தக் கிருமியும் சேந்தா தாங்காது," என்று காலையில் தோட்டத்து டொக்டர் சொல்லியிருந்தார். "மூச்சு கனத்தா ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. அதுவரைக்கும் புகை பக்கமே விடாதீங்க."

பொழுது சாயும் முன்பே மூச்சு கனத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்ட லாபிர் நானாவின் ஆட்டோ டவுனிலிருந்து பனிமூட்டத்தில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அது வரும்வரை அவன் தாங்க வேண்டும். அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அடுப்பை அவித்துவிட்டாள். தகரக் கூரையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டுவதும், ஈரச் சாம்பலின் வாடையும், அவன் நெஞ்சுக்குள் சளி கொதிக்கிற சத்தமும் அந்தச் சின்னக் காம்பராவை நிறைத்திருக்க, சுவர் மறுபடியும் இருமியது. உடனே நிரோஷன் இருமினான். சுவர் இருமியது. இவன் இருமினான். யாரோ கூப்பிட, இவன் பதில் குரல் கொடுக்கிற மாதிரி இருந்தது.

"லோஜன் கூப்புடுறான், ஜெயந்தி," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"பேசாம படுங்க."

வாசலில் பேச்சியம்மா தணல் போட்ட தட்டோடு நின்றாள்.

"எனக்கும் கேக்குது புள்ள. சாவு விழுந்த காம்பரா. சாம்பிராணி போட்டாத்தான் போவான்."

"டொக்டர் புகை ஆகாதுன்னாரு அக்கா."

"அது அடுப்புப் புகை. இது சாமிப் புகைதானே."

பயந்த மனசுக்கு அது நியாயமாகப் பட்டது. தட்டையும் சாம்பிராணியையும் கொடுத்துவிட்டுப் பேச்சியம்மா போக, ஜெயந்தினி கொஞ்சமாகத்தான் போட்டாள். சுவரின் இருமல் நிற்கவில்லை. இன்னொரு பிடி போட்டாள். லோஜன் உள்ளே வந்துவிடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள், கதவையும் சாத்தினாள். புகை கூரையைத் தொட்டுக் கீழே இறங்கியது. கண் எரிந்தது. சுவரை ஒட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இருமல் நின்றது.

போய்விட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, போயிட்டான்," என்று திரும்பினாள்.

கட்டிலிலும் சத்தமில்லை. போர்வை அசையவில்லை. வாயோரம் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. தொட்டாள். குலுக்கினாள். நெஞ்சில் காது வைத்தாள்.

ஒன்றுமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். ஒன்று. அதை அடுத்து இன்னொன்று. இரண்டாவது இருமல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இருமல்.

வெளியே ஹார்ன் அடித்தது. கதவைத் திறந்தாள். பனிமூட்டத்துக்குள் மங்கலாக இரண்டு வெளிச்சம். லாபிர் நானா தலையை வெளியே நீட்டினார். இந்த லயத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை; இங்கே யார் முகமும் அவருக்குத் தெரியாது.

"ரெண்டு பேரும் வந்து ஏறிட்டாங்க தங்கச்சி. நீங்களும் வாங்க, பனி கூடுது."

பக்கத்துக் கதவில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவளுக்குப் பின்னால், கட்டிலில், நிரோஷன் அப்படியே கிடந்தான்.

ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டு பேர் மாறி மாறி இருமினார்கள். இருவரும் ஓரமாக ஒதுங்கி, நடுவில் அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.