என்ஸ்கெடே ரயிலில் ஏழு அசைகள்

ஜெர்மனியிலிருந்து ஹொலண்ட் எல்லையைத் தாண்டியதும் ரயிலின் ஒலிபெருக்கி டச்சு பேசத் தொடங்கியது.

"டீன்ஸ்த்... ரே... ஹெ... லிங்ஸ்... வெய்... ஸி... ஹிங்..."

நேர அட்டவணை மாற்றம் என்பதை டச்சுக்காரர் இப்படி ஒரே சொல்லாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். மிதுசாவின் கைகள் அவளைக் கேளாமலே அசைக்கு ஒன்றாகத் தட்டின. ஜெர்மனியின் ஹம் நகரில் சிறுபிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் அவள்... நீளச் சொல் காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது. பெட்டியே திரும்பிப் பார்த்தது.

சற்றைக்கெல்லாம் அந்தக் குரலுக்குரியவனே வந்து நின்றான். ரயில் நடத்துநர் சட்டையில் பிருந்தன் என்று பெயர். மழையில் கழுவிய நாவற்பழக் கண்கள்... கோபத்திலும் அழகாய்த்தான் இருந்தன, பாவி.

"ரயில் நேரம் மாறினதுக்குக் கைதட்டுறியளோ, அக்கா?"

அக்காவாம்... "ஆருக்கு அக்கா? எல்லா அசையையும் ஒரே மாதிரி அமத்துறியள். 'டீன்ஸ்த்'திலைதான் பாரம். அதை அமத்திப்போட்டு மிச்சத்தை ஓட விடுங்கோ. நான் ஹொலண்டிலை படிச்சனான்."

"எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை."

விறுக்கென்று போனவன், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தொடையில் தட்டித் தட்டி முணுமுணுத்தான். பிறகு தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தான்.

"டச்சுச் சோதினை வருது... தவறினா என்னை இந்த ரயிலை விட்டு வேறை பாதைக்கு மாத்திப்போடுவினம்."

"படிப்பிக்கிறன். அக்கா எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அன்று முதல் சனிதோறும் மிதுசாவுக்கு என்ஸ்கெடே சந்தையில் அலுவல் வந்தது. வீட்டில் வெங்காயம் குவிந்தது. "ஹம்மிலை வெங்காயம் இல்லையோ, பிள்ளை?" என்றாள் அம்மா. அவன் தேறினால் பாடம் முடிந்துவிடும்... தவறினால் ஆளையே காண முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பாய்த் தவித்தபடியே சொல்லிக் கொடுத்தாள்.

தேறிவிட்டான்.

"இனி நீங்கள் படிப்பிக்க வரத் தேவையில்லை..." என்றான். தேறியவனின் குரலாகவே அது இல்லை.

ஜன்னலில் மழை வழிந்தது. 'நல்லது' என்று சொல்லிவிட்டு எழுந்து போ என்றது ரோசம். வாய் கேட்கவில்லை.

"எனக்குச் சந்தையிலை ஒரு அலுவலும் இல்லை... உங்களைப் பார்க்கத்தான் வாறனான்."

அவன் காதுமடல்கள் சிவந்தன. அறிவிக்க வேண்டிய நிலையம் அறிவிக்கப்படாமலே கடந்தது.

"சனிக்கிழமை எனக்கு லீவு, மிதுசா... ஒவ்வொரு கிழமையும் ஆரையாவது கெஞ்சி, வேலையை மாத்தித்தான் நானும் வாறனான்."