ஆணியில் மாட்டிய துணி

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரல் தையற்கூடத்தை நிறைத்தது.

"பொத்தான் டப்பாவோட அங்கேயே நில்லு! என் பொண்ணோட கல்யாண உடுப்பு மேல உன் நிழல்கூட விழக்கூடாது, சொல்லிட்டேன்!"

மருமகள் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். பல ஆண்டுகளாக அவளுடைய எல்லை அதுதான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், துணி வெட்டுவதில் அவளுக்கு நிகர் அவளே என்று தையற்காரனான கணவனே பெருமை பேசியதுண்டு. பிறகு ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவரின் பட்டுச்சட்டை இஸ்திரிப்பெட்டியில் கருகிப்போயிற்று. "நான்தான் கருக்கிட்டேன்" என்றாள் அவள். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். கணவன் ஒரு சொல் சொன்னான்.

"கையா அது? தொட்டதெல்லாம் பாழாக்குற கை!"

சொன்னவன் மறுவாரமே அதை மறந்திருக்கக்கூடும். அவளுக்கோ, அன்றிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாலே விரல்கள் நடுங்கின. பொத்தான் தைக்கும் வேலை மட்டுமே மிஞ்சியது. மாமியார் அந்தக் கருகிய சட்டையை, எல்லாரும் பார்க்கட்டும் என்று மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டிவைத்தார்.

"ஐயோ!"

நாத்தனாரின் அலறல். மணப்பெண் தன் உடுப்பின் உள்துணியைத் தானே தேய்க்கப் போய், ஏதோ கனவில் பெட்டியை அப்படியே வைத்துவிட்டாள். மருமகள் தன்னை மறந்து உள்ளே பாய்ந்தாள்.

"வந்துட்டா பாரு! தொடக்கூட வேணாம், கண்ணாலயே கருக்கிடுவா மகராசி!" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை... நான்தான்..." பழகிப்போன வாய் சொல்லிவிட்டது.

"நீ பேசாதே!" என்றான் அலறல் கேட்டு ஓடிவந்த கணவன்.

அவன் கருகிய உள்துணியையே பார்த்தான். சுவரை ஒட்டிய அந்த மேசையில், துணியின் கழுத்துப் பக்கம் சுவரைத் தொடும்படிதான் எப்போதும் விரிப்பார்கள். வலக்கையால் தேய்த்தால் பெட்டியின் முனை இடப்பக்கம் சாயும். இந்தக் கருகல் தடத்தின் முனையோ வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் இடக்கைக்காரி அவன் தங்கை ஒருத்திதான். அவன் மெல்ல நிமிர்ந்து, ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான்.

அதுவும் வலப்பக்கமே சாய்ந்திருந்தது!

"குட்டி... அதுவும் நீதானா?"

நாத்தனார் அண்ணியின் காலருகே சரிந்தாள். "நான்தான்ண்ணா! அப்பா இறந்துபோன வருஷம் அது... இன்னொரு தப்பு பண்ணினா மாமா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்னு அம்மா மிரட்டிட்டே இருந்தாங்க. அண்ணி என் வாயைப் பொத்திட்டு, பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க... அப்புறம் சொல்ல எனக்குத் தைரியமே வரலை!"

மாமியார் அந்தச் சட்டையை ஆணியிலிருந்து பிடுங்கி, மார்போடு சுருட்டிக்கொண்டு குலுங்கினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி, பாவி..."

"சொல்லியிருந்தா குட்டி இந்த வீட்டுல வளர்ந்திருப்பாளா அத்தை?"

கணவன் கத்தரிக்கோலை இரு கைகளாலும் நீட்டினான். "தினமும் அதுக்கு எதிர்லதானே நின்னேன்... தொழில் தெரிஞ்ச எனக்கே தெரியலையே! அன்னிக்குச் சொன்னதை மன்னிச்சிடும்மா. புது உள்துணியை நீயே வெட்டு."

அவள் வாங்கினாள். விரல்கள் நடுங்கின. கத்தரியின் அலகுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஓசைப்படாமல் அதை மேசைமேல் வைத்தாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. சொன்னதை நீங்க திருப்பி வாங்கிட்டீங்க... என் கைக்குத்தான் அது இன்னும் தெரியலை."

பிறகு, அழும் நாத்தனாரின் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் பொத்தான் டப்பாவைத் திறந்தாள். "நீ வெட்டு குட்டி. பொத்தான் நான் தைக்கிறேன். ஒண்ணுகூட அறுந்து விழாது."

மாமியார் தம் நாற்காலியை அவளுக்காக மேசையருகே இழுத்துப் போட்டார். ஊசியைத் தாமே எடுத்து நூல் கோக்க முயன்றார். முடியவில்லை. இப்போது அவருடைய கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.