நாடா என்றால் வாடா

என் தம்பிக்கு 'வாடா' என்று பெயர் வைத்தவள் நான்தான். வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கும்போதே, இதை இலவச இணைப்பாகக் கொடுத்தேன்.

அம்மா நூல், ஊசி, பட்டன் விற்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் நானும் தம்பியும் கடையின் உட்பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். நான் ஆறாம் வகுப்பு, அவன் மூன்றாம் வகுப்பு.

அன்று ஒரு தையல்கார அக்கா பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் முடியும்வரை அம்மா எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி, "நாடா" என்றார்.

பத்து நாளாகச் சளியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த தம்பி, எழுந்துபோய் வெறுங்கையோடு நின்றான்.

"எங்கடா?"

"எதும்மா? வாடான்னு கூப்பிட்டியே, வந்துட்டேன்."

தையல்கார அக்கா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் சிரித்த சிரிப்பில் பென்சில் முனை உடைந்தது.

மறுநாள் பள்ளி வேனில் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். நல்ல சரக்கு, உடனே விலைபோனது. வேன் ஓட்டுநர்கூட, "வாடா வந்தாச்சா, வண்டிய எடுக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

தம்பி முதல் நாள் கூடவே சிரித்தான். அப்புறம் வேனில் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஒரு வாரத்தில் அவன் டீச்சரிடமிருந்து குறிப்பு வந்தது. 'கூப்பிட்டால் திரும்புவதில்லை. சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைக்கிறான். கடைசி பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறேன்.'

"நல்ல பேர் வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார் அம்மா.

அவன் எங்கே வாங்கினான்? நான்தானே கொடுத்தேன். நோட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

"இனிமே நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்று தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

சமாதானம் செய்யலாம் என்று பின்னால் போய் அவன் பெயரைச் சொன்னேன். திரும்பவில்லை. "சாக்லேட் இருக்கு" என்றேன். அதற்கும் திரும்பவில்லை.

கோபத்தில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பான். சாக்லேட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

எனக்குள் ஏதோ உறுத்தியது. சுவருக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்து, நோட்டால் என் வாயை மறைத்துக்கொண்டு, "நான் சொல்றதத் திருப்பிச் சொல்லு. ஊசி" என்றேன்.

"என்ன? பாசியா?"

"நூல்."

"பால்."

அவன் விளையாடவில்லை. என் உதட்டைப் பார்ப்பதற்காக நோட்டை விலக்கப் பார்த்தான். எழுந்து அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அவன் குறும்பு பண்ணல. அவனுக்குச் சரியாக் கேக்கல. வாடாங்கற பேரை வேன்ல பரப்பினது நான்தான்."

அம்மா திட்டவில்லை. பேரத்தின்போது பார்ப்பதுபோல் என் முகத்தையே பார்த்தார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை, காது டாக்டர் விளக்கு வைத்த ஒரு கருவியால் தம்பியின் இரண்டு காதுகளையும் பார்த்தார்.

"சளியோட வேலை" என்றார்.

"சளி மூக்குலதானே டாக்டர் இருக்கு? காதுக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"செவிப்பறைக்குப் பின்னாடி ஒரு குட்டி அறை இருக்கு. அதுதான் நடுக்காது. அங்க மூணு சின்ன எலும்பு இருக்கு. சத்தம் பட்டுச் செவிப்பறை அதிர்ந்தா, அந்த அதிர்வை மூணும் கைமாத்தி உள்காதுக்கு அனுப்பும். அந்த அறைக்குக் காத்து போக ஒரே ஒரு குழாய்தான், மூக்குக்குப் பின்னாடியிருந்து."

"ஒரே வாசல் வெச்ச குடோன் மாதிரியா?"

"கடைக்காரங்க வீட்டுப் பொண்ணா நீ? அதேதான். சின்னப் பசங்களுக்கு அந்தக் குழாய் குட்டை, ஒடுக்கம், சரிவும் கம்மி. சளி பிடிச்சா வீங்கி அடைச்சுக்கும். உள்ள நீர் தேங்கும். செவிப்பறை சரியா அதிராது. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுக் கேக்கற மாதிரி இருக்கும். தேங்கின நீர்ல கிருமி பெருகினா சீழ், வலி. இவனுக்கு வலது காதுல அப்படி ஆயிருக்கு. இடதுல கொஞ்சம் நீர்தான்."

அவர் தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "வலிச்சிருக்குமே தம்பி. ஏன் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா அக்கா இன்னொரு பேர் வெப்பா."

டாக்டர் மேசையில் பெரிய பிளாஸ்டிக் காது ஒன்று இருந்தது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலிக்கு மருந்து கிடைத்தது. நீர் வடிய மட்டும் சில வாரங்கள் ஆகலாம், மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து அவன் பள்ளிக்கு வந்தான். நான் முதலில் அவன் டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், தம்பிக்குக் காதுல நீர் கோத்திருக்கு. முன்னாடி உட்கார்ந்தாதான் கேக்கும். பசங்க அவனை வாடான்னு கூப்பிடறாங்களே, அந்தப் பேரு நான் வெச்சது. அவன் யாரையும் சிரிக்க வைக்கப் பார்க்கல."

டீச்சர், "எனக்கே தோணியிருக்கணும்" என்று சொல்லி, அவன் பையைத் தானே தூக்கி முதல் பெஞ்சில் வைத்தார்.

மாலை வேனில் யாரோ, "வாடா" என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அவனுக்குக் காதுல நோவு. இனி அப்படிக் கூப்பிடாதீங்க."

"நீதானே அந்தப் பேரைக் குடுத்தே?"

"ஆமா. மட்டமான சரக்கு. நானே திரும்ப எடுத்துக்கறேன்."

"அப்போ உன்னை வாடின்னு கூப்பிடுவோம்."

"கூப்பிடுங்க."

மூன்று நாள் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் 'என்ன?' என்று கேட்டேன். சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

நான்காம் நாள் நான் வேனில் ஏறியபோது, தம்பியின் வலது பக்கம் இடம் காலியாக இருந்தது. உட்காரப் போனேன். அவன் என் பையைப் பிடித்து இழுத்தான்.

"இந்தப் பக்கம் உட்காரு" என்று தான் நகர்ந்துகொண்டு இடது பக்கத்தைக் காட்டினான். "இங்கதான் நீ பேசறது நல்லாக் கேக்குது."