கொளஞ்சிநாதன் வைத்த கைநாட்டு

“என் வூட்டுக்காரரு கையெழுத்து போடுவாருங்க ஐயா. கைநாட்டு வச்சுட்டுப் போனாருன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. அது பொய்யிங்க.”

வீராயி படியேறாமல் கீழேயே நின்றாள். 1963ஆம் வருடம், மாசி மாதத்து வெயில். நெய்வேலிக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகாத கருணாகரன், நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். சென்னைப் போலீசின் கைரேகைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகளின் குவார்ட்டர்ஸில் இருப்பவர். வீராயியை அழைத்து வந்தவர் அடுத்த வீட்டுப் பாவாடை. மைன்ஸ் டைம் ஆபீசில் வருகை எழுதும் கிளார்க்.

விஷயம் இதுதான். அவள் கணவன் கொளஞ்சிநாதன் மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போகிற வழியிலேயே, செம்புக்கம்பி திருடியதாகச் சொல்லிப் போலீஸ் பிடித்துப் போனது. புதன் விடிந்ததும் சுரங்கத்துப் பம்புத் தண்ணீர் ஓடும் கால்வாயில் பிணமாகக் கிடந்தான். செவ்வாய் நாலு மணிக்கே விட்டுவிட்டோம், குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சபாநாயகம். டாக்டர் வரும் முன்பே, அன்று மாலையே உடம்பை எரிக்கவும் வைத்துவிட்டார்.

“போலீசோடு அவருக்கு ஏதாவது தகராறு உண்டா, அம்மா?”

“இல்லீங்க. மைன்ஸ்ல எதையோ பார்த்தேன்னு மட்டும் சொன்னாரு, அதை எழுதிக் குடுத்தாரு. என்னன்னு கேட்டதுக்கு, உனக்கு வேணாம்னுட்டாரு.”

“அக்கிரமம், சார்! கம்பி ஏற்றிய லாரியைக் காட்டிக்கொடுத்தவனையே கம்பித் திருடன் என்பதா?” என்று பாவாடை கொதித்தார்.

கருணாகரன் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வீராயி பக்கம் திரும்பி, கணவனுடைய கேட் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் கிடந்த பழைய பாஸை அவள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துத் தந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த கைநாட்டு அதில் இருந்தது. கையெழுத்து போடக் கற்றது அதற்குப் பிறகுதானாம்.

அன்றே சப்-கலெக்டருக்கு மனு எழுதினார் கருணாகரன். மனுவைக் கடலூருக்குக் கொண்டு போனவர் பாவாடை. இரண்டு நாள் லீவு போட்டு, பதில் வாங்காமல் திரும்பமாட்டேன் என்று ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் சபாநாயகத்தின் ஆள் ஒருவன் வந்து, கடுதாசியை வாபஸ் வாங்காவிட்டால் உன் வீட்டிலும் திருட்டுச் சாமான் கிடைக்கும் என்று வீராயியை மிரட்டினான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள், வாபஸ் வாங்கவில்லை.

அடுத்த வாரம் பயணியர் விடுதியில் விசாரணை நடந்தது. சப்-கலெக்டர் முன்னால் ஸ்டேஷன் பதிவேடு திறந்திருந்தது. ஒரு பக்கம் சபாநாயகம். அவர் பின்னால், ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர் ராயப்பன்.

கருணாகரன் பூதக்கண்ணாடியைக் கேட் பாஸ் மேலும் பதிவேட்டின் மேலும் மாறி மாறி வைத்துப் பார்த்தார். 

“ரேகை கொளஞ்சிநாதனுடையதுதான்” என்றார் கடைசியில்.

வீராயி பதறி எழுந்தாள். சபாநாயகம் சிரித்தார். “நான்தான் அன்றைக்கே சொன்னேனே!”

“செவ்வாய் நாலு மணிக்கு, உங்கள் எதிரில் வைத்ததா?”

“என் எதிரில், என் மேஜையில்.”

“திங்கள் காலையிலிருந்து அதுவரை லாக்கப்பை விட்டு வெளியே போகவில்லையே?”

“எப்படிப் போவான்? பூட்டியிருந்தோம்.”

கருணாகரன் கண்ணாடியைச் சப்-கலெக்டரிடம் நீட்டினார். “கேட் பாஸில் கோடுகள் சீராக ஓடுகின்றன. பதிவேட்டிலும் அதே கோடுகள்தான். ஆனால் குறுக்கே வெள்ளை வெள்ளையாக மடிப்புகள் தெரிகின்றன, பாருங்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல் அது. ஒரு நாள் முழுக்க ஊறியிருக்க வேண்டும்.”

“கை கழுவியிருப்பான்!” என்றார் சபாநாயகம்.

“கை கழுவினால் இப்படி ஆகாது. பூட்டிய லாக்கப்பில் இருந்தவன் விரல் எந்தத் தண்ணீரில் ஊறியது? திங்களன்றே அவன் இறந்துவிட்டான். கால்வாயில் தள்ளினீர்கள். பதிவேட்டில் அவனை விடுவித்ததாக எழுதி வைக்க மறந்துவிட்டீர்கள். புதன்கிழமை பிணம் மிதந்த பிறகுதான் நினைவு வந்தது. பிணம் கையெழுத்து போடாது. ஆனால் அதன் கட்டைவிரலை மையில் ஒற்றலாம்.”

 ராயப்பன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“நான்தாங்க ஒத்தினேன். ஈரத்துல மை ஒட்டல. வேட்டியால தொடச்சுத் தொடச்சு... விரல் மடங்கவே இல்லீங்க. எஸ்.ஐ. சார்தான் அவன் நெஞ்சுல மிதிச்சாரு. திங்கள் சாயங்காலமே உசுரு போயிடுச்சு.”

சபாநாயகம் பாய்ந்து பதிவேட்டை இழுத்தார். அதன் மேல் பாவாடை குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். சபாநாயகத்தின் லத்தி அவர் முதுகில் இரண்டு முறை விழுந்தது. சப்-கலெக்டரின் டவாலிச் சேவகர் வந்து லத்தியைப் பிடுங்கும்வரை அவர் பிடியை விடவில்லை. அன்று மாலை சபாநாயகம் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் ஜீப்பில் ஏற்றப்பட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில், வீராயியின் எதிரிலேயே கருணாகரன் மெதுவாகச் சொன்னார்: “பாவாடை, லாரி என்று முதலில் சொன்னது நீங்கள்தான். அதுவரை வீராயிக்கே அது தெரியாது.”

பாவாடை மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“கொளஞ்சிநாதன் எழுதிய காகிதத்தை ஆபீசில் என்னிடம்தான் தந்தான், சார். கம்பி லாரியைச் சப்-இன்ஸ்பெக்டரே கேட் தாண்டி அனுப்பினார் என்று கீழே இருந்திருக்கிறது, அது பிறகுதான் புரிந்தது. அன்று நான் முழுசாகப் படிக்கவில்லை. கம்பி லாரி என்ற மேல் வரியை மட்டும் பார்த்தேன். திருட்டு என்றால் போலீசுக்குத்தானே போகணும் என்று நானே ஸ்டேஷனில் கொடுத்தேன். சபாநாயகம் கைகொடுத்துப் பாராட்டினார். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன், தெரியுமா?”

அவர் வீராயியை நிமிர்ந்து பார்க்கவில்லை. “என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லம்மா.”

 கணவனை எரித்த நாளிலும் அழாதவள் வீராயி.

“குடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சிக்கினு இருந்தாருங்க” என்றாள். “தப்புன்னு தெரிஞ்சா சொல்லிடுய்யா, பயந்துக்கினு எதுக்குப் பொழைக்கணும்னு நான்தான் அனுப்பி வச்சேன்.”

 பாவாடைக்கு எதிரே அவளும் அதே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.