உருளையில் மிஞ்சிய சீட்டு

உட்காரச் சொல்லியும் லுத்மிலா ஹ்ரெபிக் உட்காரவில்லை. முழங்கை தேய்ந்த கோட்டோடு வாசலிலேயே நின்று, "அந்தக் கோர்ட்டு குமாஸ்தா ஹோலிஸ் பெக் சீட்டுல ஏதோ பண்ணிட்டான், ஐயா. நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றாள்.

ஏமோஸ் ப்ளைதின் முப்பது வருஷம் எதிர்க் கட்டடத்து மத்திய நீதிமன்றத்தில் மார்ஷலாக, அதாவது காவல் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் தெருவைத் தாண்டி ஓர் அறை பிடித்துத் துப்பறியும் தொழிலைத் தொடங்கினார். அவசரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அவருக்கும் சேர்த்து அவசரப்படுகிறவள் வெர்னா கோச், நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே வந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பான ஆளை.

லுத்மிலாவின் வழக்கு ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்பதாம் நம்பர் சுரங்கத்தில் தீப்பிடித்தது. கரியைக் காப்பாற்றக் கம்பெனி சுரங்க வாயை அடைத்தது. உள்ளே இருபத்துமூன்று பேர் இருந்தார்கள், அவள் புருஷன் ஸ்டெஃபானும் சேர்த்து. கம்பெனியின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருப்பதால் விதவைகளின் வழக்கு மத்திய நீதிமன்றத்துக்கு வந்திருந்தது.

அங்கே நீதிபதிகள் மூன்று பேர். எந்த வழக்கு யாரிடம் போகும் என்பதைப் பதிவாளர் அறையில் ஒரு மர உருளையைச் சுற்றிச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். மெரிட், ஓக்ஸ் இருவரும் ஜூரி முன்னால் வழக்கை நடக்கவாவது விடுவார்கள். மூன்றாமவர் ஸ்ட்ராடன். பதினொரு வருஷமாக ஒரு சுரங்கத் தொழிலாளியின் வழக்கைக்கூட அவர் ஜூரி வரைக்கும் போக விட்டதில்லை. அதைத் தன் கையாலேயே குறிப்பெடுத்தவள் வெர்னா, அவள் ஸ்ட்ராடனின் சுருக்கெழுத்தாளர். விதவைகளின் வழக்குக்கு விழுந்த சீட்டு ஸ்ட்ராடனுடையது.

"பெக்தான். முழியே சரியில்ல," என்றாள் வெர்னா உடனே.

"ரொட்டியை முழுங்கிட்டுப் பேசும்மா," என்றார் ப்ளைதின். பிறகு லுத்மிலாவிடம், "அன்னைக்குக் காலையில நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார்.

"கதவு திறக்குறப்போ நாங்கதான் முதல்ல நின்னோம், நானும் வக்கீல் டெல்மர் கிஷ்ஷும். டெல்மர் எங்க ஊர்ப் புள்ளைதான், தங்கமான குணம். பின்னாடி ஒருத்தர் பெரிய பையோட நின்னாரு. 'உங்களுக்குச் சுமை ஜாஸ்தி, நீங்க முன்னாடி போங்க'ன்னு டெல்மர் வழி விட்டாரு. அவர் ஒரு காகிதத்தை நீட்டினாரு. பெக் உருளையைச் சுத்திப் பேரைப் படிச்சான். இன்னொரு காகிதம், இன்னொரு பேரு. அப்புறம் பையை மூடிக்கிட்டுப் போயிட்டாரு."

"பையில வேற காகிதம் இருந்துச்சா?"

"அதே மாதிரி அஞ்சாறு இருந்துச்சு. அப்புறம் எங்களது. சீட்டை எடுக்கும்போது பெக் என் முகத்தைப் பார்க்கவே இல்ல. திருட்டு முழி!"

"உங்களுக்குப் பின்னாடி யாரு?"

"தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு ஒரு விவசாயி. ஏதோ நில வழக்காம்."

ப்ளைதின் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து எல்லோரையும் பதிவாளர் அறைக்கு வரவழைத்தார். மர உருளைக்குப் பக்கத்தில் பெக் சுவரோடு சுவராக நின்றான். டெல்மர் கிஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெர்னா சாப்பாட்டையே மறந்திருந்தாள்.

"பெக், இந்த உருளை எப்படி வேலை செய்யுதுன்னு இந்த அம்மாவுக்குச் சொல்லு."

"மூணு உறை, மூணு பேரு," என்றான் பெக். "எடுத்த உறை வெளியவே இருக்கும். மூணும் தீர்ந்தாத்தான் மறுபடி மூணையும் உள்ளே போடுவோம். யாருக்கும் வேலை கூடிடக் கூடாதுன்னு அப்படி ஒரு விதி. அன்னைக்குக் காலையில மூணும் உள்ளே இருந்துச்சு."

"முதல்ல வந்த ரெண்டு பேரு?"

"மெரிட், ஓக்ஸ்." பெக் தலையைக் குனிந்தான். "இந்த அம்மாவோட முறை வந்தப்போ உள்ளே ஒரே உறைதான். அது யாருன்னு எனக்கும் தெரியும். எந்த முகத்தோட அவங்களைப் பார்ப்பேன்?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாக இவனைத்தான் மனசுக்குள் ஜெயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தப் பைக்காரன்!" என்று கத்தினாள்.

"பதிவேட்டைப் பார்த்தேன்," என்றார் ப்ளைதின். "அவன் போட்ட ரெண்டு வழக்கையும் மறுநாளே வாபஸ் வாங்கிட்டான். எதிர்த் தரப்புக்குச் சம்மன்கூடப் போகல. உருளையில ஸ்ட்ராடன் மட்டும் மிஞ்சுற வரைக்கும் வழக்கு மேல வழக்கா போடத்தான் அத்தனை காகிதம். ரெண்டுலயே காரியம் முடிஞ்சுது, பையை மூடிட்டான்."

"கம்பெனியோட ஆளு," என்றார் கிஷ், தலையை ஆட்டியபடி. "நான் மரியாதைக்கு வழி விட்டேன். இப்படி வினையா முடியும்னு யாருக்குத் தெரியும்?"

"மரியாதை நல்லதுதான், தம்பி. ஆனா ஒரு தடவையோட ஏன் நிறுத்தினீங்க?"

கிஷ் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மெரிட், ஓக்ஸ்னு ரெண்டு பேரையும் உங்க காதுபடப் படிச்சாங்க. மிச்சம் யாருன்னு இங்கே கூட்டிப் பெருக்குறவனுக்கும் தெரியும். பின்னாடி ஒரு விவசாயி நின்னாரு. 'நீங்க போங்க'ன்னு அவருக்கும் வழி விட்டிருந்தா ஸ்ட்ராடன் அவரோட போயிருப்பாரு. மூணு உறையும் மறுபடி உள்ளே விழுந்திருக்கும். தேவையில்லாதப்போ வழி விட்ட மனுஷன், தேவைப்பட்டப்போ ஓடிப்போய்க் காகிதத்தை நீட்டினீங்க. நீங்க இல்லாம அந்தப் பைக்காரனால ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது. என்னைக்கு, எத்தனை மணிக்கு வரணும்னு அவனுக்குச் சொன்னதும் நீங்கதான்."

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. லுத்மிலா கிஷ்ஷையே பார்த்தாள். "டெல்மர், இல்லைன்னு சொல்லிடு," என்றாள்.

கிஷ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நான் எந்த விதியை மீறினேன்? சொல்லுங்க, மார்ஷல். உருளையைத் தொட்டேனா?" லுத்மிலாவின் பக்கம் திரும்பினார். "உங்க புருஷன் திரும்பி வரப்போறதில்ல. கம்பெனியோட நியூயார்க் ஆபீஸ்ல எனக்கு இடம் கிடைச்சிருக்கு. அந்தக் கரியிலிருந்து நானாவது வெளியே போறேனே."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைப் பிடித்து நிறுத்த ஒரு சட்டமும் இல்லை.

"வழக்கை வாபஸ் வாங்கிட்டுப் புதுசா போடலாமே!" என்றாள் வெர்னா.

"வழக்குப் போட இருந்த ரெண்டு வருஷக் கெடு அன்னைக்கே முடிஞ்சுது. காகிதம் ரெடியாகல, ரெடியாகலன்னு கடைசி நாள் வரைக்கும் இழுத்தவனும் அவன்தான். இனிமே இருக்கிறது ஒரே வழி. நீதிபதியை மாத்தச் சொல்லி மனுப் போடணும்."

"யாருகிட்ட?" என்றாள் லுத்மிலா.

ப்ளைதின் முதல்முறையாகத் தயங்கினார். "அதே நீதிபதிகிட்டதான், அம்மா. தான் விலகணுமா வேண்டாமான்னு அவரேதான் முடிவு பண்ணுவாரு."

வேறொரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை அது விசாரணைக்கு வந்தது. ப்ளைதின் கண்டுபிடித்த ஒவ்வொன்றும், தேதியும் நேரமும் பெயரும் உட்பட, அதில் இருந்தது. ஸ்ட்ராடன் கண்ணாடியைக் கழற்றாமல் பத்தே நிமிடத்தில் படித்து முடித்தார். மேடைக்குக் கீழே வெர்னா சுருக்கெழுத்து இயந்திரத்தில் விரல் வைத்துக் காத்திருந்தாள். துப்பறிந்தது சரியாக இருந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று அந்த நிமிடம் வரைக்கும் மனசார நம்பினாள், பாவம்.

"ரொம்பக் கெட்டிக்காரத்தனமா எழுதியிருக்காங்க," என்றார் ஸ்ட்ராடன். "ஆனா உருளையை யாரும் தொடல. உறை முறைப்படி வந்திருக்கு. மனு தள்ளுபடி. வழக்கையே நிராகரிக்கணும்னு கம்பெனி போட்ட மனுவும் முன்னாடி இருக்கு. அதை ஏத்துக்கறேன். வழக்கும் தள்ளுபடி."

வெர்னா இரண்டு தள்ளுபடியையும் அடித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லுத்மிலா எழுந்து நின்றாள். "ஐயா, சுரங்க வாயை அடைக்கிறப்போ நான் அங்கேதான் நின்னேன்..."

"வழக்கு முடிஞ்சுது. இதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம், மிஸ் கோச்."

வெர்னா விசைகளிலிருந்து விரலை எடுத்தாள்.

லுத்மிலா நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதையும், நிறுத்தச் சொல்லி மேஸ்திரியின் காலில் விழுந்ததையும், சாயங்காலம் வரைக்கும் தட்டிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்ததையும் சொன்னாள். ஸ்ட்ராடன் பிற்பகல் வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ப்ளைதின் கண்ணை மூடியிருந்தார். வெர்னா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள்.

அன்றைய குறிப்பில் "வழக்கு தள்ளுபடி" என்பதற்கு அடுத்தபடியாக, நீதிமன்றம் பன்னிரண்டு மணிக்குக் கலைந்தது என்ற ஒரு வரிதான் இருக்கிறது.